பாண் ஓட்டோவில் வந்த மரண அறிவித்தல்

உப்புவெளியில் யார் இறந்தாலும் அதை ஊர் நம்ப வேண்டுமானால் என் அத்தான் ஞானசேகரம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் சொன்னால் "பாப்பம்" என்று இருப்பார்கள். சொந்தக்காரர் தொலைபேசியில் அழுதால் "ஆர் சொன்னது?" என்று கேட்பார்கள். அத்தானின் பழைய பொக்ஸ் லான்சர் கார் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழல்களைச் சுமந்துகொண்டு ஒழுங்கைக்குள் நுழைந்து, "மரண அறிவித்தல்" என்று அந்தக் குரல் எழும்பிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. ஆள் போய்விட்டார் என்று உடுப்பு மாற்றத் தொடங்குவார்கள்.

கோயில் திருவிழா, தண்ணீர் வெட்டு, இரத்ததான முகாம், காணாமற்போன மாடு எல்லாவற்றையும் அத்தான்தான் அறிவிப்பார். ஆனால் மரணம்தான் அவருக்குப் பொருத்தம். குரல் அப்படி. கஷ்டம் என்னவென்றால் வீட்டிலும் அதே குரலில்தான் கதைப்பார். சொதிக்கு உப்புக் காணாது என்பதை அறியத்தருவார். சவர்க்காரம் முடிந்துவிட்ட செய்தியை ஆழ்ந்த கவலையுடன் தெரிவிப்பார். என் அக்கா கலியாணம் கட்டிய நாளிலிருந்து தினமும் செத்த வீட்டில் இருப்பதுபோல இருக்கிறது என்று சொல்லித் திரிந்தாள்.

போன வருஷம் அத்தானுக்குத் தொண்டையில் சின்னக் கட்டி ஒன்று வந்தது. கெட்ட கட்டி இல்லை. வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆனால் டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஆறு மாதத்துக்குக் குரலை உயர்த்தக் கூடாது, ஒரு நாளைக்கு நாலைந்து வசனத்துக்கு மேல் கதைக்கவும் கூடாது. அக்கா அடுத்த வாரமே டொக்டருக்கு ஒரு பை மாம்பழம் கொடுத்தனுப்பினாள்.

அறிவித்தல் என்பது ஒரே விஷயத்தை ஒழுங்கை ஒழுங்கையாக நூறு தரம் சொல்லும் வேலை. நாலு வசனக்காரருக்கு அது ஏலாது. அவருக்குப் பதிலாக நான் ஒருநாள் மைக் பிடித்தேன். கடற்கரை வீதியில் ஒரு பெண் சட்டியோடு ஓடி வந்து "என்ன மீன்?" என்று கேட்டாள். அத்தான் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அன்றைய வசனங்களில் ஒன்றைச் செலவழித்து, "உன்ர குரலில ஆள் செத்த மாதிரி இல்லையடா, சூரை மலிஞ்ச மாதிரிக் கிடக்கு" என்றார். அதோடு என் ஒலிபரப்பு வாழ்க்கை முடிந்தது.

அத்தானின் மகளைக் கட்டிக் கந்தளாயில் இருக்கும் மருமகன் கஜீபன்தான் வழி கண்டுபிடித்தார். விரல் நீளத்தில் ஓர் எம்.பி. திறீ பிளேயரைக் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டும் போடும், குரலும் பதியும். அத்தான் ஒருதரம் சொன்னால் போதும், அது நூறு தரம் சொல்லும். அத்தானின் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. அக்காவின் முகத்தில் இருந்து போனது.

ஆனால் பிளேயரைக் காரோடு எப்படிச் சேர்ப்பது? காரில் இருந்தது அந்தக் காலத்துக் கசெட் செட். கசெட் போட ஒரு வாய், கேட்க ஒரு ரேடியோ, அவ்வளவுதான். வயர் செருக ஓர் ஓட்டைகூடக் கிடையாது. கூரைக் குழல்களுக்குச் சத்தம் கொடுக்கும் அம்ப்ளிபயர் அந்தச் செட்டோடுதான் பிணைந்து கிடந்தது. வயரை வெட்டி இணைக்கலாம் என்றார் கஜீபன். அத்தான் என் தோளைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் ஏதோ சொன்னார். அந்த நாட்களில் அவருக்கு வெளியே போகும் வாய் நான்தான். "வேலை செய்யிற சாமானை வெட்டுறவன் மனுசனில்லையாம்" என்று மருமகனிடம் அறிவித்தேன். கசெட்டிலேயே பதிந்துவிடலாம் என்றால், வெற்றுக் கசெட் ஒன்று திருகோணமலை நகரம் முழுக்கத் தேடியும் இல்லை. கடைக்காரர்கள் எங்களை மேலும் கீழும் பார்த்தார்கள்.

பிறகு கஜீபன் வேறொன்று கொண்டுவந்தார். பார்வைக்குக் கசெட் மாதிரி இருக்கும், உள்ளே நாடா இல்லை, பின்னால் எலிவால்போல ஒரு வயர். வாலைப் பிளேயரில் செருகி, கசெட்டைச் செட்டின் வாய்க்குள் தள்ள வேண்டும். தள்ளினோம். எங்கள் செட்டோ ஒரு பக்கம் முடிந்தால் தானாக மறுபக்கம் திரும்பும் வகை. உள்ளே நாடா ஓடவில்லை என்று கண்டதும் பக்கம் முடிந்துவிட்டதாக நினைத்துத் திரும்பியது. அங்கேயும் ஒன்றும் ஓடவில்லை. திரும்பவும் திரும்பியது. "டக்" என்றது, "டக்" என்றது, கடைசியில் வெறுத்துப்போய் வெளியே துப்பியது.

துப்பாமல் இருக்க நான் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரத்ததான முகாம் அறிவித்தலுக்குப் போனோம். உப்புவெளி எங்கும் "இரத்தம், டக், உங்கள், டக், வாருங்கள்" என்று கேட்டது. சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடின. முகாமுக்கு அந்த முறை யாரும் வரவில்லை என்று கேள்வி. என் பெருவிரல் ஒரு கிழமை வீங்கிக் கிடந்தது.

எங்களைக் கரையேற்றியவன் நகரத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கும் றிஸ்கான். சிகரட் லைட்டர் ஓட்டைக்குள் செருகும் ஒரு கட்டையை எடுத்துத் தந்தான். பிளேயரை அதில் கொழுவினால் அந்தக் கட்டை குட்டி வானொலி நிலையமாகிவிடும். கார் ரேடியோவை அதே அலைவரிசை இலக்கத்தில் வைத்தால் பிளேயரில் உள்ளது ரேடியோவில் கேட்கும். வெட்டுக் கொத்து ஒன்றும் இல்லை.

"இந்த இலக்கத்துல மட்டும்தான் நம்மட ஏரியாவுல ஒரு ஸ்டேசனும் விழாது" என்றான் றிஸ்கான். "நான் ஆருக்குக் குடுத்தாலும் இதுலதான் வெச்சிக் குடுக்கிற. வாங்கிட்டுப் போறவங்க பொத்தானை அமத்தி மாத்திப் போட்டுட்டு, வேலை செய்யுதில்லை எண்டு திரும்ப வாறாங்க. அதால இப்படி ஒரு வேலை செய்யிற." சொல்லிக்கொண்டே சுப்பர் குளூவில் ஒரு சொட்டை எடுத்து இலக்கம் மாற்றும் பொத்தானின்மேல் விட்டு ஊதினான். அது இறுகி மூடிக்கொண்டது.

என்ன முன்யோசனை என்று நாங்கள் இருவரும் மெச்சிக்கொண்டு வந்தோம். "ஆருக்குக் குடுத்தாலும்" என்று அவன் சொன்னது எங்கள் மூளையில் ஏறவில்லை. அவன் மூளையிலும் ஏறியிருக்கவில்லை.

கட்டை அருமையாக வேலை செய்தது. இரண்டு திருவிழா, ஒரு தண்ணீர் வெட்டு, ஒரு பசுமாடு எல்லாம் சிறப்பாக நடந்தன. அதற்குப் பிறகுதான் இரத்தினசிங்கத்தார் செத்துப்போனார்.

இரத்தினசிங்கத்தாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றால் எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். துறைமுகப் பக்கம் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். சத்தம் என்றால் ஆகாது. நாய் குரைத்தால் நாயின் சொந்தக்காரனோடு சண்டை. கோயில் மணி அடித்தால் ஐயரோடு சண்டை. தேங்காய் விழுந்த சத்தத்துக்காகச் சொந்தத் தம்பியோடு வேலி வழக்குப் போட்டவர். அத்தானின் காரை ஒழுங்கை முனையில் மறித்து, "செத்தவனுக்கே கேக்கும், குறையும் ஐசே" என்று எத்தனையோ தரம் ஏசியிருக்கிறார். கடல் இரைகிறது என்று யாரிடம் முறையிடுவது என்று தெரியாததால்தான் கடலை விட்டுவைத்தார் என்று நினைக்கிறேன்.

பெரிய சண்டை பாண் ஓட்டோவோடுதான். கிண்ணியாவில் இருந்து வந்து இந்தப் பக்கம் பேக்கரிப் பாணும் பணிஸும் விற்கும் லாபிர், பின்னேரம் நாலரைக்கு, பாண் வண்டிகள் எல்லாம் போடும் அந்தக் கிணிங்கிணி மெட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் வருவான். மெட்டுக் கேட்டதும் இரத்தினசிங்கத்தார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படலைக்கு ஓடி வந்து "நிப்பாட்டு!" என்று கத்துவார். நித்திரையில் இருந்தாலும் எழும்பி வருவார். காய்ச்சலில் கிடந்தபோதும் போர்வையோடு வந்தவர். கடைசியில் பொலிசில் போய்ச் சொன்னார். லாபிரைக் கூப்பிட்டு மத்தியானத்திலிருந்து பொழுதுபடும் வரை வாங்கில் இருத்தி வைத்தார்கள். வெளியே ஓட்டோவுக்குள் அன்றைய பாண் அவ்வளவும் வெயிலில் காய்ந்து கல்லாகிப் போனது. அந்த ஒழுங்கைக்குள் சத்தமே வரக் கூடாது என்று தீர்ப்பு.

லாபிர் ரோசக்காரன். அன்றிலிருந்து அந்த ஒழுங்கை முனைக்கு வந்ததும் மெட்டை மட்டுமல்ல, இஞ்சினையும் நிற்பாட்டிவிட்டு இறங்கி, ஓட்டோவைக் கையால் தள்ளிக்கொண்டு மறுமுனை வரை போவான். பூனை நடக்கிற சத்தம்கூட இருக்காது. பாண் வந்தது ஒருவருக்கும் தெரியாது. ஒழுங்கைச் சனம் முழுவதும் பின்னேரத் தேத்தண்ணியை வெறுமனே குடித்துவிட்டு இரத்தினசிங்கத்தாரைச் சபித்தது. அவருடைய மனைவி புஷ்பவதி மட்டும் முனையில் போய் நின்று மீன் வைத்த மாலு பாண் ஒன்று வாங்கிச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக் கொண்டுவருவாள். அதை அவர்தான் சாப்பிடுவார். எங்கே வாங்கியது என்று ஒருநாளும் கேட்டதில்லையாம்.

அவர் இறந்த அன்று காலை அறிவித்தல் விபரம் எடுக்க நானும் அத்தானும் போனோம். முன் அறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். சவப்பெட்டிக் கடை ஆள் ஒருவனைத் தவிர வேறு யாரும் இல்லை. புஷ்பவதி அக்கா கதிரையில் இருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"பிள்ளையள் இல்லை. தம்பியாக்கள் வரமாட்டினம்" என்றாள். "ஞானம் அண்ணை, உங்கட குரலுக்குச் சனம் வரும் எண்டு சொல்லுவினம். தூக்க நாலு பேர் வந்தால் காணும். வருவினமோ?"

அத்தான் தலையை ஆட்டினார். ஓம் என்ற ஆட்டமா, தெரியாது என்ற ஆட்டமா என்று எனக்கு விளங்கவில்லை. வெளியே வந்ததும் என் காதுக்குள், "நாலு பேருக்கு நான் பொறுப்பு" என்றார். அந்த ஒழுங்கையில் நான்கு பேர் என்பது சின்ன எண் இல்லை.

வீட்டில் நாய்ச் சத்தம் பதியக் கூடாது என்று அத்தான் அலுமாரிக்குள் தலையை விட்டு, அக்காவின் சீலைகளுக்கு நடுவே அறிவித்தலைப் பதிந்தார். வழமையாக மகன், மருமகள், பேரன், மைத்துனர் என்று உறவு வரிசை நீளமாக வரும். இங்கே ஒரு மனைவியோடு வரிசை முடிந்துவிட்டது. ஒரு மரண அறிவித்தல் இவ்வளவு கட்டையாக இருப்பதை அத்தானால் தாங்க முடியவில்லை. கொஞ்சம் யோசித்துத் தானாக ஒன்று சேர்த்தார்: "உப்புவெளியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட இரத்தினசிங்கம் அவர்கள் இன்று காலை காலமானார். அன்னார் புஷ்பவதியின் அன்புக் கணவரும், அயலவர்களின் நீண்டகால அயலவரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்." அதில் பொய் ஒன்றும் இல்லை.

பின்னேரம் புறப்பட்டோம். முதல் ஒழுங்கை நல்லாகப் போனது. இரண்டாம் ஒழுங்கையின் நடுவில், "இன்று காலை" என்ற இடத்தில் அத்தானின் குரல் அறுந்தது. அடுத்த கணம் எங்கள் கூரையின் இரண்டு குழல்களில் இருந்தும் கிணிங்கிணி என்று பாண் மெட்டு வெடித்தது. அம்ப்ளிபயர் பெரியது. லாபிரின் வாழ்நாளில் அவன் மெட்டு இவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்காது.

ஐந்தாறு பெண்கள் பையோடு ஓடி வந்தார்கள். ஒருத்தி காருக்குள் எட்டிப் பார்த்து, "பாண் எங்க?" என்றாள்.

"பாண் இல்லை. இரத்தினசிங்கத்தார்" என்றேன்.

"அவர் எப்ப பாண் விக்கத் தொடங்கினவர்?" என்று அவள் கேட்டாள். அத்தான் காரைப் பின்னுக்கு எடுத்தார். மெட்டுப் போய் அவருடைய குரல் வந்தது. முன்னுக்கு எடுத்தார், திரும்ப மெட்டு. செத்தவரையும் பாணையும் மாறி மாறி அறிவித்துக்கொண்டு சந்திக்கு வந்து சேர்ந்தோம். எதிரே லாபிரின் ஓட்டோ நின்றது. அவன் இறங்கி ரேடியோவைக் கையால் அடித்துக்கொண்டிருந்தான்.

எங்களைக் கண்டதும் பாய்ந்து வந்தான். "என்ன வேலை இது அண்ணன்? உங்கட மவுத்து அறிவித்தல் என்ட ஓட்டோக்குள்ள பூந்திட்டு. ஒரு பொம்புள வாங்கின பணிஸைத் திருப்பித் தந்திட்டுத் தலையில கை வெச்சிட்டுப் போறா."

அத்தான் என் காதைப் பிடித்து இழுத்தார். "அவன்ர பாண் என்ர கூரையில ஏறிக் கிடக்கு எண்டு சொல்லு." சொன்னேன். கொஞ்சம் காரமும் சேர்த்துச் சொன்னேன்.

"நீங்க ஏன் கத்துற?" என்றான் லாபிர். "அவர் மெல்லமாத்தானே சொன்னாரு."

அத்தான் காருக்குள் கைவிட்டு எங்கள் கட்டையைப் பிடுங்கிக் காட்டினார். லாபிர் போய்த் தன்னுடையதைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். ஒரே கட்டை. ஒரே இடத்தில் ஒரே பசைச் சொட்டு. அவனுடையது முந்தாநாள்தான் வாங்கியது, சக்தியும் கூடியது. இரண்டு வண்டியும் கிட்ட வந்தால் எங்களுடையதை விழுங்கிவிடும். வளைவில் எங்களுடையது அவனுடையதை விழுங்கும். லாபிர் நகத்தால் பசையைச் சுரண்டினான். அத்தான் கார்ச் சாவியால் குத்தினார். றிஸ்கானின் பசை அசையவில்லை.

"றிஸ்கானா?" என்றேன்.

"அவன்தான்" என்றான் லாபிர். கொஞ்ச நேரம் மூன்று பேரும் நகரம் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆக யாராவது ஒருவர் நிறுத்த வேண்டும். "இண்டைக்கு வித்தாத்தான் பாண்" என்றான் லாபிர். "நாளைக்கு அது விறகு."

அத்தான் என் காதுக்குள் ஒன்று சொன்னார். அதைக் கத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்: "நாளைக்கு அவரையும் எரிச்சுப்போடுவினமாம்."

லாபிர் அப்போதுதான் கேட்டான்: "ஆருட மவுத்து?"

சொன்னேன். அவன் முகம் இறுகியது. ஓட்டோவைத் திரும்பிப் பார்த்தான். வெயிலில் காய்ந்த பாண் அவ்வளவும் அவன் கண்ணில் தெரிந்திருக்கும். நான் அவன் இடத்தில் நின்றிருந்தால் மெட்டை இன்னும் கூட்டிப் போட்டுக்கொண்டு செத்த வீட்டை மூன்று தரம் சுற்றியிருப்பேன். அதுதான் என் குணம்.

"சனம் வரமாட்டாங்கதானே" என்றான்.

"அந்த அம்மா அத்தானிட்டக் கேட்டவ, தூக்க நாலு பேர் வருமோ எண்டு."

"நாலு பேரா?" லாபிர் தன் கட்டையை ஒருதரம் பார்த்தான். பிறகு அதைச் சேர்ட் பைக்குள் போட்டுக்கொண்டான். "அந்தம்மா நல்ல மனுசி. சீலைக்குள்ள ஒளிச்சிக் கொண்டு போவா. நான் என்டதைக் கழட்டிட்டன் அண்ணன். இனி உங்கட குரல்தான் என்ட ரேடியோவுலயும் விழும். தூரம் போனா விழாது. நீங்க முன்னுக்குப் போங்க, நான் ஒட்டிக்கிட்டு வாறன்."

அந்தக் காரில் தொண்டை பழுதான ஆள் ஒருவர் போதும் என்று நான் உள்ளே ஏறி வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் உப்புவெளியில் அன்று ஊர்வலம் நடந்தது. முன்னால் பொக்ஸ் லான்சர். அதன் பின் பம்பரை முட்டுவதுபோலப் பாண் ஓட்டோ. இரண்டில் இருந்தும் ஒரே நேரத்தில் அத்தானின் குரல். அத்தான் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் லாபிர் "யா அல்லாஹ்" என்பது எங்களுக்குக் கேட்டது. ஓட்டோவைக் கண்டு சனம் பையோடு வந்தது. காலமான செய்தியைக் கேட்டுக்கொண்டே பாணை வாங்கியது. "ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்" என்று அத்தான் முடிக்க, லாபிர் "இந்தாங்க, சூடாயிருக்கு" என்று நீட்டுவான்.

கடைசியாக இரத்தினசிங்கத்தாரின் ஒழுங்கை. முனையில் லாபிர் பழக்கதோஷத்தில் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கித் தள்ளத் தொடங்கினான். அத்தான் காரில் இருந்து இறங்கிப் போய் அவனைப் பிடித்துத் திரும்ப ஓட்டோவில் ஏற்றினார். பாண் ஓட்டோ சத்தத்தோடு அந்த ஒழுங்கைக்குள் போனது. சத்தம் அவருடைய மரண அறிவித்தல்.

படலைகள் திறந்தன. எத்தனை நாளுக்குப் பிறகு வாசலுக்குப் பாண் வந்திருக்கிறது. எல்லோரும் வாங்கினார்கள். வாங்கியபின்தான் சங்கடம். ஓட்டோ நின்றது செத்த வீட்டுக்கு நேரே. கையில் பாணை வைத்துக்கொண்டு செத்த வீட்டுப் படலையைக் கடந்து போய் வீட்டில் தேத்தண்ணி குடிக்க எந்த மனுசருக்கு முகம் வரும்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தேங்காய்ச் சண்டைத் தம்பிதான் முதலில் உள்ளே போனார், கையில் இரண்டு றாத்தல் பாண். பிறகு நாய்க்காரன். பிறகு மற்றவர்கள் நெருக்கிக்கொண்டு போனார்கள்.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அன்றிரவு அங்கே யாரும் பசி கிடக்கவில்லை. மேசையிலும் யன்னல் கட்டிலும் தையல் மெசினின் மேலும் பாண். இரத்தினசிங்கத்தாரின் கால்மாட்டில் யாரோ ஒரு பை முதலை வடிவக் கிம்புலா பணிஸை வைத்துவிட்டு மறந்துபோயிருந்தார்கள். அத்தான் ஒரு மூலையில் நின்று ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். நாலு பேர் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு மூக்கைச் சீறினார்.

புஷ்பவதி அக்கா மட்டும் அழவேயில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள், அவள் விறைத்தபடி இருந்தாள். "கல்லு மாதிரி இருக்கிறா" என்று குசினிப் பக்கம் கதை எழும்பியது. என் அக்கா பக்கத்தில் போய் இருந்து கையைப் பிடித்தபோது, "ஞானம் அண்ணை சொல்லியும் எனக்கு நம்ப ஏலாமக் கிடக்கு" என்றாளாம். "சும்மா கோவிச்சுக்கொண்டு படுத்திருக்கிற மாதிரி இருக்கு."

மறுநாள் பின்னேரம் கிரியைகள் முடிந்தன. முற்றம் நிறையச் சனம். முன்னுக்குப் போவதற்காக அத்தானின் கார் படலையடியில் நின்றது. அமைதிக்காகப் பிளேயரை நிறுத்தியிருந்தார். ரேடியோவும் கூரைக் குழல்களும் ஆயத்தமாக இருந்தன. லாபிரும் தன் வேலைக்குப் போகிற வழியில் வந்து, தொப்பியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். பெட்டியை மூடுமுன் கடைசியாக எல்லோரும் பார்த்தார்கள். மூடி தூக்குகிற நேரம், பிரேத வாகனத்துக்கு வழியை மறித்துக்கொண்டு ஓட்டோ நிற்கிறது என்று யாரோ சொன்னார்கள். லாபிர் ஓடிப் போய்ச் சாவியைத் திருப்பினான்.

அன்றைய வியாபாரத்துக்காகக் கட்டையைத் திரும்பச் செருகியிருந்தான். அது சாவி திருப்பினால் தானாகப் பாடும்.

கிணிங்கிணி. ஓட்டோவில் இருந்து மட்டுமல்ல. அவனுடைய கட்டை எங்களுடையதை விழுங்கிவிட, அத்தானின் கூரையில் இருந்த இரண்டு குழல்களும் செத்த வீட்டு முற்றத்தைப் பார்த்து முழங்கின. நேரம் நாலரை.

ஐயர் காதைப் பொத்தினார். லாபிர் கட்டையைப் பிடுங்கப் போனான், அது வரவில்லை. அத்தான் காரை நோக்கி ஓடினார். டொக்டரையும் மறந்து "நிப்பாட்டு!" என்று கத்தினார். அதே சொல், அதே படலை.

"விடுங்கோ அண்ணை."

புஷ்பவதி அக்கா எழுந்து வந்திருந்தாள். "நிப்பாட்ட வேண்டாம். அது பாடட்டும். எழும்பிறாரோ எண்டு பாப்பம்."

யாரும் சிரிக்கவில்லை. பெட்டியின் மூடியைப் பிடித்திருந்தவர்கள் அதை மெதுவாக விலக்கினார்கள். நாங்கள் அத்தனை பேரும் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உண்மையைச் சொன்னால் நான் எதிர்பார்த்தேன். எல்லோரும் எதிர்பார்த்தோம். லாபிர் ஓட்டோவுக்குள் பயந்துபோய் இருந்தான். மெட்டு ஒரு சுற்று முழுதாகப் பாடி முடிந்தது. இரத்தினசிங்கத்தார் அப்படியே கிடந்தார்.

"அப்ப உண்மைதான்" என்றாள் புஷ்பவதி அக்கா. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் அமர்ந்து வாய்விட்டு அழத் தொடங்கினாள். என் அக்கா அவளை அணைத்துக்கொண்டாள்.

மெட்டு இரண்டாம் சுற்றுத் தொடங்கியபோது லாபிர் ஒருவழியாகக் கட்டையைப் பிடுங்கினான். பிறகு இறங்கி வந்து, தலைமாட்டில் ஒரு மூலையைப் பிடித்துத் தோளில் வைத்தான். மறு மூலையில் அத்தான். கால்மாட்டில் தம்பியும் நானும். படலையைத் தாண்டும் வரை நாங்கள் காலடிச் சத்தம்கூட வராமல் நடந்தோம்.